நாலு சீட்டு அக்கா

பெரிய பந்தயம் ஒன்று தன்முன் வந்து விழுந்தால் அக்கா முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். துப்பட்டா நுனியால் இரண்டு வில்லைகளையும் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொள்வார். பந்தயம் கட்டியவரின் முகத்தை, பாசாரில் மீனின் கண்ணைப் பார்க்கிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அவர் கையில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தான் தோற்றுவிட்டோம் என்பது அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிடும். தெரிந்த பிறகுதான் தன் பந்தயச் சிப்புகளை நடுவே தள்ளுவார்.

மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், ஒன்பதாவது மாடியில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரின் வீடு. டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் அப்பாவின் பழைய சிநேகிதர். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் வேண்டும் என்பதற்காகவே அந்த ஆட்டத்தை ஆரம்பித்தவர். கீழே வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு ஆறு பேர் மேலே ஏறுவோம். சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுக்காது என்பதால் ஜன்னல் திரை எப்போதும் பாதி இழுத்திருக்கும். ஆறு பேரில் பெண்கள் இரண்டே பேர், அக்காவும் நானும். இரண்டு பேரும் கிள்ளான் பக்கம் என்பதால் என் காரிலேயே வந்து போவோம்.

ஆட்டத்துக்குப் பெயர் ஒமாஹா. சாதாரண போக்கரில் கைக்கு இரண்டு சீட்டு. இதில் நான்கு. மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். கையிலிருந்து கட்டாயம் இரண்டும் நடுவிலிருந்து மூன்றும் சேர்த்துத்தான் கணக்கு. ஆறு பேர் கையில் நான்கு நான்காக இருக்கும்போது எல்லோருக்கும் ஏதோ ஒன்று அமைந்துவிடும். நல்ல கை என்று நாம் நம்பியிருப்பது இன்னொருவருடையதற்கு ஒரு படி கீழே கிடக்கும். அதனால் ஐந்தாவது சீட்டு திறந்தபின் யாராவது, நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் கட்டினால், பெரும்பாலும் கையை மடக்கிப் போட்டுவிடுவதுதான் புத்தி. மடக்கினால் இழப்பு அதோடு நிற்கும். ஆனால் எதிராளி தன் சீட்டைக் காட்டவேண்டியதில்லை. அவர் வைத்திருந்தது என்ன என்று கடைசிவரை தெரியாது. ஈடாகக் கட்டினால்தான், கால் பண்ணுவது என்போம் அதை, காட்டியாக வேண்டும்.

இந்த ஒரு விதிதான் அக்காவுக்கு வினை.

நான் சேர்ந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கையில் இரண்டு ராணி. நடுவில் இன்னொரு ராணி. மூன்று ராணிகளோடு நாலு சீட்டு திறக்கும்வரை அவர்தான் முன்னால் இருந்தார். ஐந்தாவதாக ஹார்ட் இரண்டு விழுந்தது. நடுவில் மூன்று ஹார்ட் ஆகிவிட்டது. இனி யார் கையில் இரண்டு ஹார்ட் இருந்தாலும் மூன்று ராணிகளால் ஒன்றும் ஆகாது. அதுவரை பேசாமல் ஈடு கட்டிக்கொண்டே வந்த டாக்டர், நடுவில் இருந்த அளவு முழுவதையும் எண்ணி வைத்தார். டாக்டர் பயந்த சுபாவம். மிகச் சிறந்த கை இல்லாமல் அப்படி வைக்கிறவர் இல்லை.

அக்கா கண்ணாடியைத் துடைத்தார்.

"டாக்டர், உங்ககிட்ட ஹார்ட் ஏஸ் இருக்கு. கூட ஒரு சின்ன ஹார்ட், நாலோ அஞ்சோ."

டாக்டர் கூரையைப் பார்த்தார்.

"மடக்குங்க லா அக்கா," என்றார் எதிரே இருந்த லோரி முதலாளி. "தெரிஞ்சுக்கிட்டே யாராச்சும் போடுவாங்களா?"

"தெரியும் லா," என்று சொல்லிவிட்டு அக்கா சிப்புகளைத் தள்ளினார்.

டாக்டர் ஹார்ட் ஏஸையும் ஹார்ட் ஐந்தையும் திருப்பிப் போட்டார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். தோற்றவரின் முகமாக அது இல்லை. தேடிய சாமான் பைக்குள்ளேயே இருந்ததைப் பார்த்தவரின் முகமாக இருந்தது.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். நான் கேட்டேவிட்டேன். "கரெக்டா சொன்னீங்களே அக்கா. அப்புறம் ஏன் போட்டீங்க?"

"சொன்னது என் வாய்தானே மா. கண்ணு பார்க்க வேண்டாமா?"

ஒரே ஒரு முறை, டாக்டர் அவ்வளவு கெஞ்சினதால், லோரி முதலாளியின் பெரிய பந்தயத்துக்கு அக்கா கையை மடக்கினார். முதலாளி சிரித்தபடி தன் சீட்டுகளைக் கட்டுக்குள் செருகிவிட்டார். அந்த வாரம் புதன்கிழமை, நான் பங்சார் அலுவலகத்தில் ஒரு கட்டட வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அவர் கையில ரெண்டு பத்து இருந்திருக்கும்னு நினைக்கிறியா?"

"யார் கையில அக்கா?"

"ஞாயித்துக்கிழமை மா. சரியாவே தூங்கலை."

நான் சிரித்தேன். என் போனில் அவர் எண்ணை 'நாலு சீட்டு அக்கா' என்று மாற்றி வைத்தது அன்றைக்குத்தான்.

வேலையிலும் அவர் அப்படித்தான் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கன்டெய்னர் தாள்களைச் சரிபார்க்கிற வேலை. இருபது வருடத்துக்கு மேல். ஒரு தடவை பிளாஸ்டிக் நாற்காலிகள் என்று தாள் போட்ட கன்டெய்னர் வந்திருக்கிறது. எடையைப் பார்த்ததுமே அக்கா, இது நாற்காலி இல்லை, குப்பை என்றாராம். வெளிநாட்டுக் குப்பையை அப்படி ஏற்றி அனுப்புவது அப்போது அடிக்கடி நடந்தது. கம்பெனி முதலாளி, தாள் சரியாக இருக்கிறது, நமக்கு எதற்கு என்றார். அதோடு விட்டிருக்கலாம். சுங்க அதிகாரியிடம் சொல்லிவிட்டு, திறக்கிற அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு, மழையில் குடையோடு போய் நின்றிருக்கிறார். கதவைத் திறந்ததும் அழுகிய பால் வாடையோடு கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் பைகள் சரிந்தன.

"பார்த்துட்டு என்ன அக்கா செஞ்சீங்க?"

"வீட்டுக்கு வந்து குளிச்சேன். வேற என்ன செய்யறது?"

அந்த வாடிக்கையாளர் கம்பெனியை விட்டுப் போனார். அக்காவைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் பழைய தரைவீடு. கூட இருந்தது ஒரு தம்பி. பதினாறு வயது இளையவன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தான். சில ஞாயிறுகளில் அந்தப் பெரிய சதுரப் பையோடு பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிடுவான். கீழே நின்று எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பான். "எங்க அக்கா போலீஸ்ல சேர்ந்திருக்கணும். நான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டா, வாசல்ல செருப்பைக் கழட்டுற விதத்துலயே கண்டுபிடிச்சிரும்," என்பான். அக்கா அவன் தோளில் தட்டுவார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அவன் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான்.

ஒரு ஜூன் மாதம் அவனுக்குத் தாய்லாந்தில் வேலை கிடைத்தது. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும். வாடிக்கையாளர் சேவை, தங்க இடம், டிக்கெட் எல்லாம் அவர்களே. அந்தச் செய்தியைப் போனில் பார்த்தவுடனேயே அக்கா சொல்லிவிட்டார்.

"இது பொய்டா. மூணு இடத்துல கம்பெனி பேரை மூணு மாதிரி எழுதியிருக்கான்."

"போய்ப் பார்த்துட்டு வரேன்கா. சரியில்லைன்னா அடுத்த பஸ்ல ஹட்யாயிலேர்ந்து திரும்பிடுறேன்."

எனக்கு அக்கா இதைச் சொன்னது காரில். "போய்ப் பார்க்கிறேன்னு சொல்றவனை நான் எந்த வாயால தடுக்கிறது?" என்றார்.

இரண்டு வாரம் செய்தி வந்தது. பிறகு ஒரே ஒரு வரி. ஆற்றைத் தாண்டிக் கூட்டிப் போகிறார்கள், போனை வாங்கிக்கொள்வார்களாம், பயப்படாதே என்று. அதன்பின் ஒன்றும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தையும் தாண்டி, கம்பி வேலி போட்ட கட்டடங்களில் ஆட்களைப் பூட்டிவைத்து, போனில் ஊரை ஏமாற்றும் வேலை வாங்குகிறார்கள் என்று எல்லோரும் படித்திருந்தோம். அக்கா போலீஸில் புகார் கொடுத்தார். வெளியுறவு அமைச்சுக்குப் போனார். காணாமல் போன பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடிய பத்திரிகைக் கூட்டத்தில், கையில் அவன் படத்தோடு கடைசி வரிசையில் நின்றார். நான்கு மாதம் போயிற்று. உறவுக்காரர்களில் ஒருவர், காரியத்தைச் செய்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "என்னத்தைப் பார்த்துட்டு செய்யறது?" என்று அக்கா கேட்டாராம். அவர் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, டாக்டர் வீட்டில் சீட்டுக்கட்டைப் பிரிக்கும் முன்பே அக்காவின் போன் அடித்தது. தெரியாத எண். அக்கா ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார். மலாயில், மிகவும் மரியாதையான ஓர் ஆண் குரல். உங்கள் தம்பி எங்களிடம் பத்திரமாக இருக்கிறான், வெள்ளிக்கிழமை பணத்தை எல்லை ஊரான பாடாங் பெசாருக்குக் கொண்டுவந்து கொடுத்தால் எல்லை தாண்டி அனுப்பிவிடுவோம் என்றது. ஒரு தொகை சொன்னது. லோரி முதலாளியே கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் குரலை ஒரு தடவை கேட்கவேண்டும் என்றார் அக்கா. காய்ச்சல், தூங்குகிறான் என்றது குரல். படம் அனுப்புகிறோம் என்றது. அனுப்பியும் விட்டது. கணினி முன் உட்கார்ந்திருக்கிற அவன்தான். அக்கா படத்தை விரல்களால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தைப்பூசத்துக்கு மொட்டை போட்டான். இதுல ரெண்டு மாச முடிதான் இருக்கு. இப்ப காதை மூடியிருக்கணும். அவன் இங்க இருக்கும்போது எடுத்த படம் இது. பின்னால இருக்கிறதை மாத்தியிருக்காங்க."

"அப்ப அவன் இவங்ககிட்ட இல்ல," என்றார் டாக்டர்.

"இல்ல."

"வெறும் கை."

"வெறும் கைதான், டாக்டர்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரு மா. வெறும் கையை வச்சுக்கிட்டு பெருசா கட்டுறவனை நாம ஏன் கால் பண்றோம்? நடுவில கிடக்கிறது நமக்கு வரும்னுதானே? இங்க நடுவில என்ன லா இருக்கு? நீ கொண்டுபோய் வைக்கப்போறது மட்டும்தான். அவன் பொய் சொல்றான்னு நிரூபிச்சாலும் உனக்குக் கிடைக்கிறது ஒண்ணும் இல்ல. மடக்கு மா."

"நீங்க சொல்றது கரெக்ட், டாக்டர்," என்றார் அக்கா.

அவர் போகப்போகிறார் என்று எனக்கு அந்த நிமிடம் புரிந்துவிட்டது.

தனியாக அனுப்ப மனம் வரவில்லை. போலீஸுக்குச் சொல்லவும் சொன்னேன். சொன்னார். போகாதீர்கள், ஏமாற்று வேலை என்று அவர்களும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். வீடு ஒன்றைத் தவிர அக்காவிடம் இருந்ததெல்லாம் மடியிலிருந்த துணிப்பையில் இருந்தது. ஈப்போ தாண்டியதும் நான் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"இன்னும் திரும்பிடலாம் அக்கா."

"திரும்பிட்டா நாளையிலேர்ந்து தினமும், போயிருந்தா இருந்திருப்பானோன்னு நினைச்சுக்கிட்டே இருக்கணும். உனக்குத் தெரியுமே என்னை." கொஞ்சம் கழித்து, "அவன் இருக்க மாட்டான் மா. பயப்படாதே, எனக்கு ஆசை ஒண்ணும் இல்ல," என்றார். எனக்குத் தைரியம் சொல்வதுபோல என் கையைத் தட்டினார்.

பாடாங் பெசார் நிலையத்துக்கு வெளியே நல்ல வெயில். சாமான் வாங்க வந்த கூட்டம் பைகளோடு போய்க்கொண்டிருந்தது. போனில் சொன்ன சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றோம். ஐம்பது வயதிருக்கும் ஓர் ஆள் மோட்டாரில் வந்தார். முன்னால் கூடையில் இரண்டு கட்டு கீரை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே, அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். பையை நீட்டுவதற்கு முன் அக்கா அவர் முகத்தைப் பார்த்தார்.

"பாங், ஆடிக் சாயா மானா?" தம்பி எங்கே என்று கேட்டார்.

"தாக் தாவு, காக். சாயா அம்பில் பாராங் சாஹாஜா." தனக்குத் தெரியாது, சாமானை வாங்கிவரச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்றார் அவர்.

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு பையைக் கொடுத்தார். அந்த ஆள் அதைக் கீரைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றரை மணி நேரம் நின்றோம். நாங்கள் அழைத்துக்கொண்டிருந்த அந்த எண்ணில் மணியடிப்பது நின்று, பிறகு உபயோகத்தில் இல்லை என்று ஆயிற்று. கடைக்காரம்மாள் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அக்கா உட்காரவில்லை. எல்லை தாண்டி வருகிற ஒவ்வொரு ஆணையும், கிழவர்களைக்கூட, தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் நடைமேடையில்தான் அவர் முதல்முறையாக உடைந்தார். அழவில்லை. கோபம்.

"கால் பண்ணிட்டேன்ல? பண்ணினா காட்டணும்ல? அதுதானே ரூலு? அந்த ஆளுக்கு நெசமாவே ஒண்ணும் தெரியலை மா. மூஞ்சியைப் பார்த்தேன். ஒண்ணும் தெரியாத ஒருத்தனை அனுப்பியிருக்காங்க. உயிரோட இருக்கானா இல்லையா, அதுகூட அந்த மூஞ்சியில இல்ல."

அவர் கேட்ட ஒன்றே ஒன்று அதுதான். பையில் இருந்ததற்கு ஈடாக, அவன் செத்துவிட்டான் என்று யாராவது ஒருவர் முகத்தில் எழுதியிருந்தால்கூட அக்கா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

அதன்பின் அவர் பிரிக்பீல்ட்ஸுக்கு வரவில்லை. டாக்டரும் சில மாதங்களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நான் பண்டமாரானுக்குப் போய்ப் பார்த்து வருவேன். பிறகு அதுவும் குறைந்தது. போனால் பேச என்ன இருக்கிறது என்று எனக்கே ஒரு பயம் வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது விமான நிலையத்தில். அந்தக் கட்டடங்களிலிருந்து மீட்கப்பட்ட சிலரை அரசாங்கம் அழைத்து வருகிறது என்று செய்தி வந்திருந்தது. காலையிலேயே போன் செய்து, கொஞ்சம் கூட்டிக்கிட்டுப் போறியா என்றார். ரொம்ப மெலிந்திருந்தார். வருகை வாயிலில் குடும்பங்கள் பூமாலையோடு நின்றன. நாங்கள் ஓரமாக நின்றோம். கையில் பட்டியலோடு நின்ற ஓர் அதிகாரி அக்காவிடம் வந்தார்.

"யாருக்காக வந்திருக்கீங்க ஆன்டி?"

அக்கா பெயரைச் சொன்னார். அவர் தாளைப் புரட்டினார்.

"இதுல இல்லையே."

"தெரியும் சார். லிஸ்ட்டு நேத்தே பார்த்துட்டேன்."

அவர்கள் வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை கொடுத்திருந்தார்கள். ஒருவரைப் பார்த்ததும் அவர் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆளும் வந்து, கதவு மூடி, பத்து நிமிடம் ஆயிற்று.

தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டார் கட்டிப்பிடித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்து, பிறகு படத்தைக் காட்டினார். முதல் இரண்டு பேர் பார்க்கும்போதே தலையை ஆட்டிவிட்டார்கள். மூன்றாமவருக்கு முப்பது வயதிருக்கும். ஒரு கையில் கட்டு. படத்தை வாங்கிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"பார்த்த மாதிரிதான் இருக்கு அக்கா," என்றார்.

அக்கா கண்ணிமைக்காமல் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "பொய் சொல்றான் மா. நல்ல புள்ள," என்றார் என் காதில்.

நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். அக்கா பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்தார்.

"எந்த பில்டிங்ல தம்பி?"

"வந்து... பின்னால இருந்த பில்டிங்."

"எந்த மாடி?"

"மூணாவது மாடி அக்கா."

அக்கா எழுதினார். அந்த மனிதரின் நெற்றியில் வேர்த்துவிட்டது. அவர் வீட்டார் மாலையோடு சற்றுத் தள்ளிக் காத்திருந்தார்கள்.

"இளைச்சுப் போயிருந்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தலையசைத்தேன்.

"ஆமா அக்கா. கொஞ்சம் இளைச்சுத்தான் இருந்தாரு. ஆனா நல்லா சாப்பிடுவாரு."

அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.